கையூன்றாமல் எழ முடிகிறதா?

வயது 68. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் சோபாவிலிருந்து எழக் கையூன்ற வேண்டியிருக்கிறதே, ஏன்?
*தஞ்சாவூர் வாசகர்*

நடையை நிறுத்தாதீர்கள். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது நல்லது. ஆனால் தொடைக்கு அது மட்டும் போதாது. வயது ஏற ஏறத் தசை கரைகிறது; அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. அதைத் தடுக்கத் தசைக்குப் பாரம் கொடுக்க வேண்டும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் காலில் பலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இதே சோதனைதான் பயிற்சியும். தினம் இருவேளை செய்து, எண்ணிக்கையை மெல்ல ஏற்றுங்கள். எழவே முடியாதவர்கள் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் சாப்பாடு. "ராத்திரிக்கு ரெண்டு இட்லி போதும்" என்பார்கள். இரண்டு இட்லியில் நாலைந்து கிராம் புரதம் தேறினால் அதிகம். உங்களுக்கோ கிலோ எடைக்கு 1 கிராமாவது வேண்டும். 60 கிலோ என்றால் 60 கிராம். காலையில் முட்டையோ பச்சைப்பயறோ, மதியம் கெட்டிப் பருப்பு அல்லது மீன், மாலையில் சுண்டல். பல் இல்லையா, சுண்டலை மசித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்டவும். ரசம் சாதம் வயிற்றுக்கு இதம்தான், தசைக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

இரவில் பாத்ரூம் போக எழுந்தால் கிறுகிறுக்கிறது.

படுத்தபடி ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 இறங்கினால் காரணம் அதுதான். பல நேரம் பிரஷர் மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோ செய்யும் வேலை. நீங்களாக நிறுத்தாதீர்கள். கட்டிலில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். வழியில் கிடக்கும் மிதியடியை இன்றே எடுத்துவிடுங்கள்.

அம்மாவுக்கு 74. எதைக் கேட்டாலும் "ம்" என்கிறார், சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். மறதி நோயா?
*மதுரையிலிருந்து மகள்*

முதலில் காதைப் பாருங்கள். இப்படித்தான் ஒரு பெரியவரை மகன் கூட்டி வந்தார். "பசிக்குதாப்பா?" என்று மகன் கேட்க, "பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்று செருப்பைத் தேடினார் அவர். இரண்டு காதிலும் குரும்பி அடைத்திருந்தது. எடுத்ததும் பாதி 'மறதி' போய்விட்டது, மீதியைக் காதுக் கருவி பார்த்துக்கொண்டது. காது சரியென்றால் ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு பாருங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது உண்டு. கடையில் கேட்டு வாங்கும் சில சளி மாத்திரைகளும் வயதானவர்களைக் குழப்பிவிடும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் நினைவாற்றல் சோதனை.

பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். "உட்காரும்மா" என்கிறார்கள். நாள் நகரவில்லை.

அந்த "உட்காரும்மா"வில் இருப்பது அன்புதான். ஆனால் ஆளை முடக்குவதும் அதுதான். ஒரு வேலையைப் பிடுங்கி உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள், ஒத்தாசையாக இல்லை, பொறுப்பாக. காய்கறி என்றால் நீங்களே போய், பேரம் பேசி, கறிவேப்பிலை கொசுறு கேட்டு வாங்குங்கள். கன்னடம் தெரியாதா? "எஷ்டு?" என்ற ஒரு வார்த்தை போதும், தொடங்கிவிடலாம்.

வீட்டை மகன் பெயருக்கு எழுதிவிடலாமா?

டாக்டரிடம் கேட்கிற கேள்வியா என்று சிரிக்காதீர்கள். தூக்கம் வரவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் சிலருக்குக் காரணமே இதுதான். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அது இருந்தால், மகன் கவனிக்காதபோது 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் ரத்து கேட்கலாம். முதியோர் உதவி எண் 14567. என்னைக் கேட்டால் உயில் மேல். உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.