தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத, 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் ஜிடிஏ 5 விளையாட்டு திணறுகிறது. எல்லா அமைப்புகளையும் குறைத்துவிடலாமா?

வேண்டாம். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறைத்தால் படம் பாழாகும், திணறலோ பாதி அப்படியே இருக்கும். நான் பட்டு அறிந்தது இது. 2017இல் வாங்கிய மடிக்கணினியில்தான் இன்றும் விளையாடுகிறேன்: ஐ5 7200யு செயலி, அதிலேயே அடங்கிய இன்டெல் எச்டி 620 கிராபிக்ஸ்.

திணறுவது எது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ரெசல்யூஷனை 1366×768இலிருந்து 800×600க்கு இறக்கிவிட்டு, அதே தெருவில் இன்னொரு முறை காரை ஓட்டிப் பாருங்கள். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் வரைகிறது என்ற எண், நன்றாக ஏறினால் கிராபிக்ஸ்தான் மூச்சுவாங்குகிறது. ஏறவே இல்லையென்றால் செயலிதான் காரணம்.

என் கணினியில் இரண்டும் நடந்தது, வெவ்வேறு இடங்களில். விளையாட்டில் வரும் லாஸ் சாண்டோஸ் நகரின் நடுவே கார்களும் ஆட்களும் நெருக்கியடிக்கும்போது திணறியது செயலி. ஆட்கள், வண்டிகளின் நெருக்கத்தைத் தீர்மானிக்கும் பாப்புலேஷன் டென்சிட்டியைப் பாதிக்குக் கீழே இழுத்தேன். தெருக்கள் கொஞ்சம் வெறிச்சோடின, ஆனால் திருப்பங்களில் கார் என் கைக்கு அடங்கியது. வடக்கே பிளெய்ன் கவுன்டி என்ற நாட்டுப்புறத்துக்குள் நுழைந்ததும் கதை வேறு. அங்கே கிராபிக்ஸைக் கொல்வது புல். கிராஸ் குவாலிட்டியை நார்மலில் வைத்தபோதுதான் மலைச்சரிவில் வண்டி இறங்குவதை முழுதாகப் பார்த்தேன்.

ஓரங்களை வழுவழுப்பாக்கும் எம்எஸ்ஏஏவை யோசிக்காமல் அணைத்துவிடுங்கள். ஓரங்களின் பல்வரிசையை மழுப்ப எஃப்எக்ஸ்ஏஏ போதும், அதற்குச் செலவும் மிகக் குறைவு. நிழல், பிரதிபலிப்பு இரண்டும் நார்மல். பரப்புகளின் நுணுக்கத்தைக் காட்டும் டெக்ஸ்ச்சரில் மட்டும் அவசரப்படாதீர்கள். அது நினைவகத்தைத்தான் தின்னும், வேகத்தை அவ்வளவாகத் தொடாது. அதை நார்மலுக்கு இறக்கினால் தார்ச்சாலை குழைந்த களிமண் போலத் தெரிகிறது. மெனுவின் மேலே இருக்கும் வீடியோ மெமரி பட்டை நிரம்பாதவரை ஹையிலேயே விடுங்கள்.

இதற்குப் பிறகும் போதவில்லையென்றால், அட்வான்ஸ்டு கிராபிக்ஸில் ஃபிரேம் ஸ்கேலிங் மோடு இருக்கிறது. அதில் 3/4 வைத்தால் அகலமும் உயரமும் முக்கால். வரைய வேண்டிய புள்ளிகள் 16இல் 9 பங்குதான். படம் சற்றே மங்கும். எனக்கு அது உறுத்தவில்லை.

அமைப்புகளைவிடப் பெரிய மாற்றத்தை எனக்குக் கொடுத்தது ரேம். உள்கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்குபோடுகிறது. என் கணினியில் ஒரே ஒரு 4 ஜிபி ரேம் குச்சி இருந்தது. டிடிஆர்4 2133 வகை ரேமின் ஒற்றைக் குச்சியில் நொடிக்குச் சுமார் 17 ஜிபி தரவுதான் போய்வர முடியும். அதே அளவில் இரண்டாவது குச்சியைச் செருகினால் 34. நான் பழைய குச்சி ஒன்றை வாங்கிப் போட்டேன். 20ஐச் சுற்றித் தள்ளாடிய எஃப்பிஎஸ் 30ஐத் தொட்டது. உங்கள் 8 ஜிபி ஒற்றைக் குச்சியா இரட்டையா என்று டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து பாருங்கள், எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று அங்கே இருக்கும்.

அதன் பிறகு, படங்களைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் விசின்க்கை ஹாஃபில் வையுங்கள். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் அது எஃப்பிஎஸ்ஸை 30இல் கட்டிவைக்கும். 25க்கும் 45க்கும் இடையே குதிப்பதைவிட நிலையான 30 கண்ணுக்கு எவ்வளவோ இதம். அரைமணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு சூடேறி வேகம் சரிந்தால், அமைப்புகளைத் தொடாதீர்கள். விசிறியில் அடைந்திருக்கும் தூசியைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.