பயிற்சி முடித்தும் ஓனர் கையெழுத்துப் போட மறுக்கிறார், காசு கொடுத்துப் படிவம் வாங்கலாமா?

கேள்வி: டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) படித்தேன், 1991-ல் வந்த கல்வி விதிமுறைப்படி படித்த பேட்ச். இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்குப் பிறகு எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். என்னோடு இன்னும் மூன்று பேர். மூன்று மாதம் முடிந்து, பார்மசிஸ்டாகப் பதிவு செய்யத் தேவையான பயிற்சிப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், "ஒரு வருஷம் வேலை பார், அப்புறம் போடுகிறேன்" என்கிறார் ஓனர். குறைந்த சம்பளத்தில் எட்டு மாதம் ஓடிவிட்டது. பத்தாவது, பிளஸ் டூ ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் அவரிடம்தான். கடையின் பார்மசிஸ்ட் மாதம் ஒருமுறை வந்து ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இப்போது தெரிந்தவர் ஒருவர், பத்தாயிரம் கொடுத்தால் வேறு கடையில் பயிற்சி எடுத்த மாதிரி படிவம் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வாங்காதீர்கள். உங்கள் அவசரம் புரிகிறது. ஆனால் பார்மசி சட்டம், 1948-ன் 36-வது பிரிவைக் கொஞ்சம் பாருங்கள். தவறான தகவல் தந்தோ முக்கியமான விஷயத்தை மறைத்தோ ஒருவர் பார்மசிஸ்ட் பதிவேட்டில் பெயர் சேர்த்திருந்தால், விசாரித்துவிட்டு அந்தப் பெயரை நீக்க மாநில பார்மசி கவுன்சிலின் செயற்குழுவுக்கு அதிகாரம் உண்டு. பத்து வருடம் கழித்து, உங்கள் பெயரில் கடை லைசென்ஸ் இருக்கும்போதும் இது கிளம்பலாம். போலி ஆவணத்தை உண்மையானதுபோலப் பயன்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 340-வது பிரிவின்படி தனிக் குற்றம். பணம் வாங்கியவர் அன்றைக்குக் காணாமல் போயிருப்பார். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

சரி, ஓனர் விஷயம். அவர் கையெழுத்தை ஏதோ தயவு மாதிரி வைத்துக்கொண்டு உங்களை வேலை வாங்குகிறார். அப்படி இல்லை. கல்லூரி கொடுத்த பயிற்சி ஒப்பந்தப் படிவத்தை எடுங்கள், மூன்று பிரதிகள் இருக்கும். முதல் பகுதி கல்லூரி முதல்வர், இரண்டாவது நீங்கள், மூன்றாவது பயிற்சி தருபவர் நிரப்புவது. அந்த மூன்றாவது பகுதியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பயிற்சி வசதி செய்து தருகிறேன், வழிகாட்டப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் ஒருவரை நியமிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். பயிற்சி ஒழுங்காக முடிந்தால் நான்காவது பகுதியை நிரப்பிக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு. அதற்குப் பிறகும் ஒரு வருடம் வேலை பார்க்க வேண்டும் என்று அந்தப் படிவத்தில் எங்கும் கிடையாது.

ஆனாலும் அந்தக் கையெழுத்துக்காக அவரோடு வழக்காட நான் சொல்ல மாட்டேன். காரணம், நீங்களே எழுதிய ஒரு வரி: பார்மசிஸ்ட் மாதம் ஒருமுறைதான் வருவார். உங்கள் பேட்சுக்கான 1991 விதி கேட்பது மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி. அதில் 250 மணி நேரமாவது டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்துப் பழகியிருக்க வேண்டும். கூட நின்று பார்ப்பவர் இல்லாத நேரத்தை அந்தக் கணக்கில் எழுதினால் அதுவும் பொய்தான். பயிற்சியாளர் எண்ணிக்கையும் இடிக்கிறது. அந்த வேலையில் ஒரு பார்மசிஸ்ட் இருந்தால் இரண்டு பேர்தான் பயிற்சி பெறலாம், கூடுதலாக வரும் ஒவ்வொரு பார்மசிஸ்டுக்கும் ஒருவர். நீங்கள் நான்கு பேர்.

இதை வெறும் காகித விதியாக நினைக்காதீர்கள். கிறுக்கலான சீட்டில் 250 மி.கி.-ஆ 500 மி.கி.-ஆ என்று தெரியாமல் ஸ்டிரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, "டாக்டருக்குப் போன் போடும்மா" என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த 250 மணி நேரம் அதற்குத்தான். உங்களுக்கு அது கிடைக்கவே இல்லை. எனக்கு இதில்தான் மிகவும் வருத்தம்.

அதனால், கல்லூரி முதல்வரை நேரில் பார்த்து நடந்ததை எழுத்தில் கொடுங்கள், புதுப் படிவம் கேளுங்கள். அரசு மருத்துவமனை, இ.எஸ்.ஐ. மருந்தகம், பார்மசிஸ்ட் முழு நேரமும் இருக்கிற நல்ல கடை, எங்கே இடம் கிடைத்தாலும் சேருங்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் 84 நாளில் 500 மணி நேரம் முடியும், ஞாயிறு விடுமுறை சேர்த்து மூன்று மாதத்துக்குச் சற்று மேல். கூடவே உங்களுக்கென்று ஒரு நோட்டுப் போட்டு, தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை எல்லாம் எழுதி, வாரம் ஒருமுறை பார்மசிஸ்டிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டலாம்.

மார்க்‌ஷீட்டைப் பிடித்து வைக்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. ஏழு நாள் கெடு வைத்து, கடிதம் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீடு போஸ்டில் கேளுங்கள். தரவில்லையென்றால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு மார்க்‌ஷீட் வந்துவிடும். எட்டு மாதச் சம்பளக் குறைவு தொழிலாளர் துறையிடம் போக வேண்டிய விஷயம். வங்கிக் கணக்கில் வந்த தொகை, ஓனர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

பார்மசிஸ்ட் இல்லாமல் கடை நடப்பது பற்றி மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். சீட்டு மருந்தைப் பதிவு பெற்ற பார்மசிஸ்டின் நேரடிக் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும் என்கிறது மருந்து விதிகள், 1945-ன் 65-வது விதி. ஆனால் அந்த எட்டு மாதம் கவுன்டரில் நின்று மருந்து கொடுத்தது நீங்களும்தான். பதிவு பெறாதவர் அப்படி மருந்து கொடுப்பதைப் பற்றித்தான் பார்மசி சட்டம் 42-வது பிரிவு பேசுகிறது, அது உங்கள் மேலும் திரும்பலாம். எனவே புகார் எழுதும் முன் படிவத்தின் நகலோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணம் கொடுக்க முடியாது என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.