மைண்ட் என்றால் மனசு

அன்புள்ள அக்கா,
சிங்கப்பூரில், துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். போன ஞாயிறு தேக்கா உணவங்காடியில் சாப்பிடும்போது ஒரு வயதான அம்மா தட்டோடு வந்து, “டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?” என்றார். “யெஸ், யெஸ்” என்று சிரித்தபடி சொன்னேன். முகம் சுருங்கி வேறு மேசைக்குப் போய்விட்டார். உட்காரத்தானே சொன்னேன்? மனசே சரியில்லை.

தம்பிக்கு,
அந்த அம்மா ‘உட்காரலாமா’ என்று கேட்கவில்லை. ‘உட்கார்ந்தால் உங்கள் மனசுக்குச் சங்கடமா’ என்று கேட்டிருக்கிறார். அதற்கு ‘ஆமாம், ஆமாம்’ என்றால் யார்தான் உட்காருவார்கள்? “நோ, நோ, ப்ளீஸ் சிட்” என்பதுதான் அங்கே இடம் தருகிற பதில். ‘நோ’ என்று சொல்ல வாய் வரவில்லையா, ‘தாராளமாக’ என்ற அர்த்தத்தில் இந்த ஊரில் சொல்லும் “கேன், கேன்” போதும். கூடவே தட்டை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள், சந்தேகமே வராது.

அகராதியில் ‘மைண்ட்’ என்ற இந்த வினைக்குப் பல அர்த்தம் போட்டிருக்கும். அதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். பக்கத்தில் ‘மனசு’ என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். “நெவர் மைண்ட்” என்றால் மனசில் வைத்துக்கொள்ளாதே. “ஐ டோன்ட் மைண்ட்” என்றால் எனக்கு மனத்தாங்கல் இல்லை. எம்ஆர்டி ரயில் கதவு திறக்கும்போது வரும் “ப்ளீஸ் மைண்ட் த பிளாட்ஃபார்ம் கேப்”, இடைவெளி இருப்பதை மனசில் வை என்பதுதான். பிள்ளையை ‘மைண்ட்’ பண்ணச் சொன்னால் மட்டும் நமக்கு மனசு கண்ணாகிவிடுகிறது: பிள்ளையைப் பார்த்துக்கொள் என்கிறோம்.

இது தற்செயல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு நினைவு என்று பொருள். ‘ரிமைண்ட்’ என்ற சொல்லில் அது இன்னும் இருக்கிறது. அதன் வேரும், வடமொழி வழியாக நமக்கு வந்த ‘மனசு’ என்பதன் வேரும் ஒன்றுதான். அதே ரயிலில் மலாய் அறிவிப்பு “பெர்ஹாத்தி-ஹாத்தி”, அதாவது ‘கவனமாக இருங்கள்’ என்று வரும், கவனித்திருப்பீர்கள். ‘ஹாத்தி’ என்றால் ஈரல். மலாய்க்காரர்களுக்கு மனசும் அதுதான். ஒரு ரயில் கதவுக்குள் இத்தனை மனசு இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம். பின்னால் எதுவும் சேர்க்காமல், வெறுமனே “டூ யூ மைண்ட்?” என்று யாராவது கடுப்பாகச் சொன்னால் அது கேள்வியே இல்லை. நகர்ந்து வழிவிடுங்கள்.

அப்புறம், வருகிற ஞாயிறும் அதே நேரத்துக்கு தேக்கா போங்கள். அங்கே வழக்கமாகச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நேரம் மாற்றுவதில்லை. அந்த அம்மா கண்ணில் பட்டால் நீங்களே கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா