வில்லின் மேல் லிம்ப் மட்டும் அதிகம் வளைகிறதா? மாற்றிப் பூட்டிப் பாருங்கள்

வணக்கம். கழற்றி மாட்டும் வில்லில் நாண் ஏற்றியதும் மேல் லிம்ப் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் கைகளில் மேலது) கூடுதலாக வளைகிறது, நாணுக்கும் லிம்ப்புக்கும் உள்ள இடைவெளி கீழதைவிட 12 மில்லிமீட்டர் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். 3 முதல் 6 வரை என்றால் அது குறையே இல்லை, பலர் வேண்டுமென்றே வைப்பதுதான். 12 அதிகம்.

உளியை எடுக்காதீர்கள். போல்ட்டைக் கழற்றி லிம்ப்களை மேல் கீழாக மாற்றிப் பூட்டுங்கள். இப்போது கீழே அதிகம் வளைந்தால் கோளாறு லிம்ப்பில். இன்னும் மேலேயே என்றால் கைப்பிடியில் லிம்ப் உட்காரும் சாய்வு பிசகு, அங்கே மெல்லிய தகடு கொடுத்துச் சரிசெய்யலாம்.

லிம்ப்தான் என்றால் விறைப்பாக நிற்பதைச் சுரண்டுங்கள், மெலிந்ததை அல்ல. (அவசரத்தில் மெலிந்ததைச் சுரண்டி என் முதல் வில் அடுப்புக்குப் போனது.) நாணைப் பார்க்கும் பக்கத்தில் மட்டும், கண்ணாடிச் சில்லால் நாலைந்து இழுப்பு. தூள் மாவு போல விழ வேண்டும். அப்புறம் பாதி தூரம் முப்பது முறை இழுத்து, மெதுவாகத் தளர்த்திவிட்டு அளந்து பாருங்கள். பவுண்டு, அதாவது வில்லை இழுக்கத் தேவைப்படும் விசை, கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

ஐப்பசி அடைமழையில் கும்பகோணத்தில் செய்தது என்றீர்களே, மரம் ஈரம் குடித்திருக்கும். சமையலறைப் பரணில் இரண்டு வாரம் போட்டு வைத்துவிட்டுச் சுரண்டுங்கள். மழையில் எடுத்த அளவு தை மாதம் நிற்காது.