வாசகர் கேள்வி – பதில்: கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள்

கேள்வி: கே.பி. சுந்தராம்பாள் திரையில் தோன்றிய போதெல்லாம் ஔவையாராகவோ துறவியாகவோதான் வந்தார். கதாநாயகி வேடம் அவருக்குக் கிடைக்கவில்லையா, அல்லது அவர் ஏற்கவில்லையா? (ஈரோடு வாசகி)

பதில்: அவர்தான் ஏற்கவில்லை. 1908-இல் கொடுமுடியில் பிறந்த பாடகியும் நடிகையுமான சுந்தராம்பாள், 1926-இல் கொழும்பு மேடையில் நாடக நடிகர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார். மறு ஆண்டு அவரையே மணந்தார். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர் என்பதால் அந்த இல்லறம் தொடக்கத்திலிருந்தே சிக்கலானதாகத்தான் இருந்தது; பிற்காலத்தில் இருவருக்கும் இடையே மனவேறுபாடும் வந்தது. 1933 டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அன்று வெள்ளைச் சேலை உடுத்தவர், எந்த நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1980-இல் மறையும் வரை அதிலிருந்து வழுவவில்லை.

இதைக் கணவன்மீது கொண்ட பக்தி என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. இருபத்தைந்து வயதில் கணவனை இழந்த ஒரு நாடக நடிகையை அக்காலச் சமூகம் எப்படிப் பார்த்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். மேடையை விட்டு ஒதுங்குவது அல்லது ஊர் பேச்சுக்கு ஆளாவது என்ற இரண்டே வழிகள் இருந்த இடத்தில், தம் வேடங்களைத் தாமே வரையறுத்துக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தது அவருடைய கெட்டிக்காரத்தனமும்கூட. திரைக்கதைகள்தாம் அவருக்கேற்ப வளைந்தனவேயன்றி அவர் வளையவில்லை. 1935-இல் ‘பக்த நந்தனா’ரில் ஆண் வேடம், 1940-இல் மணிமேகலை, 1953-இல் ஜெமினி ஸ்டூடியோவின் ‘ஔவையார்’, 1964-இல் ‘பூம்புகா’ரில் சமணத் துறவி கவுந்தியடிகள், 1973-இல் ‘காரைக்கால் அம்மையார்’ என்று அவர் ஏற்ற வேடங்களை வரிசையாகப் பார்த்தால், இல்லறத்துக்கு வெளியே நின்ற தமிழ் மரபின் பெரியோர் பலர் அதில் வந்துவிடுகிறார்கள்.

கேள்வி: முதல் படத்துக்கே அவர் ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்பது உண்மையா? (திருச்சி வாசகர்)

பதில்: உண்மை. ‘பக்த நந்தனார்’ படத்தை எடுத்த அசன்தாஸ் தரப்பினர் அவரை அணுகியபோது, நடிக்க மனமில்லாமல், கேட்டதும் ஓடிவிடுவார்கள் என்று எண்ணி ஒரு லட்சம் கேட்டார் என்றும், அவர்களோ மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள் என்றும் சொல்வார்கள். அந்நாளில் முழுப் படத்தையே அதைவிடக் குறைந்த செலவில் எடுத்தவர்கள் உண்டு. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். நந்தனாராக ஒரு பெண், அவரை அடிமை கொண்ட வேதியராக ஒரு கர்நாடக இசைப் பெரியவர்! ஆனால் அந்த வேடிக்கையை இன்று நாம் பார்த்து ரசிக்க வழியில்லை. படத்தின் பிரதி எதுவும் எஞ்சியதாகத் தெரியவில்லை.

கேள்வி: அவர் நடிகையா, பாடகியா? படங்களில் அவர் முகத்தில் பாவம் குறைவாகவே இருப்பதாக என் பேத்தி சொல்கிறாள். (மதுரை வாசகர்)

பதில்: உங்கள் பேத்தி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. முகத்தை அண்மையில் காட்டும் காமிராவுக்கு ஏற்ற நடிப்பு அவருடையது அல்ல. பிழைப்புக்காக ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியை, ரயில்வே அதிகாரியும் நாடகப் பற்றாளருமான எஃப்.ஜி. நடேசய்யர் கண்டுகொண்டு மேடைக்கு வழிகாட்டினார் என்பது பரவலாக வழங்கும் வரலாறு. பாலபார்ட்டாக, அதாவது சிறுவர் வேடத்தில், தொடங்கி, ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேடம், ராஜபார்ட் என்னும் ஆண் நாயக வேடம் இரண்டும் கட்டி வளர்ந்தவர் அவர்.

அன்றைய ‘ஸ்பெஷல்’ நாடகம் எப்படி நடந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நடிகர்களைத் தனித்தனியே பேசி அமர்த்துவார்கள். ஒத்திகை என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. வள்ளியும் வேலனும் அன்றிரவு மேடையில்தான் நேருக்கு நேர் சந்திப்பார்கள். தர்க்கப் பாட்டில் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கவேண்டும், ஆர்மோனியக்காரர் இருவரையும் துரத்திக்கொண்டு வரவேண்டும். ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு நடிகையின் கண் தெரியாது, புருவம் தெரியாது. அவனுக்கு எட்டுவது குரல் ஒன்றுதான். ஆகவே கோபம், ஏளனம், இரக்கம் எல்லாவற்றையும் குரலிலேயே ஏற்றவேண்டியிருந்தது. உச்ச சுருதியிலும் றகரமும் ழகரமும் சிதையாமல் அவர் பாடுவது அந்தக் கொட்டகைகள் தந்த பயிற்சி. திரையில் அவர் பெரும்பாலும் அசையாமல் நிற்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள், நடிப்பு எங்கே இருக்கிறது என்று உங்கள் பேத்திக்கே தெரிந்துவிடும்.

‘துணைவன்’ படத்தில் பாடியதற்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1970-இல் பத்மஸ்ரீ.

கேள்வி: காங்கிரஸ்காரரான அவர் கலைஞர் கருணாநிதியின் வசனத்தில் எப்படி நடித்தார்? (சேலம் வாசகர்)

பதில்: அவர் வெறும் அனுதாபி அல்லர், காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் பாடி வாக்குக் கேட்டவர், கதர் உடுத்தியவர், 1951-இல் சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினரானவர். இந்தியத் திரையுலகிலிருந்து சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். கருணாநிதி வசனம் எழுதிய ‘பூம்புகா’ரில் தெய்வம் எங்கே போனது என்று கேட்பதாக அமைந்த ஒரு பாடல் வரியைப் பாட அவர் மறுத்ததாகவும், தெய்வம் இங்கே வந்துவிட்டது என்று பொருள்படும்படி அது மாற்றப்பட்டதாகவும் ஒரு செய்தி உண்டு. மாற்றிக்கொண்டவரின் பெருந்தன்மையையும் சேர்த்தே சொல்லவேண்டும். கட்சி வேறு, தமிழ் வேறு என்ற புரிதல் இருவருக்கும் இருந்திருக்கிறது. பின்னாளில் கொடுமுடியில் அவர் கட்டிய திரையரங்கைத் திறந்து வைத்தவரும் கருணாநிதியே.

கேள்வி: அவரை இதுவரை பார்த்திராத என் மகனுக்கு எந்தப் படத்தை முதலில் காட்டலாம்? (யாழ்ப்பாண வாசகி)

பதில்: ‘ஔவையார்’ நீளமான படம், இளைஞர்கள் பொறுமை இழப்பார்கள். 1965-இல் வந்த ‘திருவிளையாட’லின் தொடக்கத்தில், மாங்கனிக்காகக் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன முருகனை ஔவை பாடிச் சமாதானப்படுத்தும் காட்சியிலிருந்து தொடங்குங்கள். இயக்குநர் ஏ.பி. நாகராஜனும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர் என்பதால் அவரைத் தேவையில்லாமல் அசைய விடவில்லை. நின்று பாட விட்டிருக்கிறார். கோபித்த பிள்ளையைப் பாட்டி கெஞ்சுவதும், கெஞ்சிக்கொண்டே கண்டிப்பதும் அந்த ஒரு பாட்டுக்குள் வந்துவிடும். மகன் மறுபடி போடச் சொன்னால் அடுத்து ‘பூம்புகார்’.