கயிற்றுக்கு இணங்காத கிடேரி

கேள்வி: ஒரு வயதுக் கிடேரியைக் கால்நடைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக இருக்கிறேன். கயிற்றைப் பிடித்தாலே காலை ஊன்றி நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இழுக்காதீர்கள். இழுக்க இழுக்கப் பின்வாங்கத்தான் பார்க்கும். குறைந்தது 2 மாதம் முன்பே தொடங்குங்கள். முதல் வாரம் தலைக்கயிறு மாட்டி, தினம் அரை மணி நேரம் கட்டி, பக்கத்திலேயே நின்று உடம்பைத் தேய்த்துவிடுங்கள். கயிறு நீளமாக இருந்தால் காலில் சுற்றிக்கொள்ளும். தனியே விட்டுப் போகவே கூடாது.

அடுத்தது நடை. கயிற்றை லேசாக இறுக்குங்கள். ஓரடி வைத்த நொடியே தளர்த்துங்கள். அந்தத் தளர்வுதான் அதற்குப் பரிசு. தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று புரியாது. ஒலிபெருக்கிச் சத்தத்துக்கும் முன்கூட்டியே பழக்குங்கள்.

கண்காட்சி நாளில் புதுத் தீவனம் வேண்டாம், கழிச்சல் கண்டுவிடும். பழகிய தண்ணீரும் எடுத்துப்போங்கள்; வாசனை மாறினால் சில மாடுகள் குடிக்காமல் வயிறு ஒட்டி நிற்கும்.