விசையும் எதிர்விசையும் சமம் என்றால் பொருள்கள் எப்படி நகர்கின்றன?

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்றால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடாதா, பிறகு எந்தப் பொருளும் எப்படி நகரும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதை நீங்கள் ஏற்கெனவே ஒரு வகுப்பில் கேட்டிருப்பீர்கள் என்றும், "அது விதி, எழுதிக்கொள்" என்ற பதிலே கிடைத்திருக்கும் என்றும் ஊகிக்கிறேன். அப்படிப் பதில் சொன்ன ஆசிரியர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். அந்த உறுத்தல்தான் என்னை இங்கே எழுத வைக்கிறது.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு விசைகளும் ஒரே பொருளின்மீது செயல்படுவதில்லை. ஆகவே அவற்றைக் கூட்டிச் சுழியாக்க வழியே இல்லை. நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்சிபியா என்ற நூலில், நீங்கள் கேட்ட இந்த விதிக்கு, அதாவது தன் மூன்றாம் இயக்க விதிக்கு, தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, கயிற்றில் கட்டிய கல்லை இழுக்கும் குதிரை. குதிரை கல்லை இழுக்கும் அதே அளவுக்குக் கல்லும் கயிற்றின் வழியே குதிரையைப் பின்னுக்கு இழுக்கிறது. கல் நகருமா என்று அறியக் கல்லின்மீது உள்ள விசைகளை மட்டுமே எண்ண வேண்டும்: முன்னோக்கிக் கயிற்றின் இழுவிசை, பின்னோக்கித் தரையின் உராய்வு. முன்னது மிகுந்தால் கல் முடுக்கம் பெறும், அதாவது அதன் வேகம் கூடும். குதிரையின் கணக்கு தனி. அது குளம்புகளால் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது, தரை அதை முன்னோக்கித் தள்ளுகிறது. இந்தத் தள்ளல் கயிற்றின் இழுப்பை விஞ்சும்போது குதிரை முன்னே செல்கிறது. வழுவழுப்பான பனிக்கட்டியின்மீது அதே குதிரையை நிறுத்தினால், அதன் வலிமை சிறிதும் குறையாவிட்டாலும் கால்கள்தாம் வழுக்கும், கல் அசையாது.

இதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. அந்த ஆறு ஆண்டுகளும் நான் வகுப்பில் தந்த எடுத்துக்காட்டு மேசைமேல் உள்ள புத்தகம். புத்தகத்தின் எடை கீழ்நோக்கிய விசை, மேசை அதை மேல்நோக்கித் தாங்குவது அதன் எதிர்விசை, இரண்டும் சமம் என்று படம் வரைந்து அம்புக்குறி இட்டுக் கற்பித்தேன். நான் படித்தபோதும் அப்படித்தான் கற்றிருந்தேன்; கையில் இருந்த விடைநூலும் அதையே சொன்னது. ஒரு நாள் ஒரு மாணவி எழுந்து, "மின்தூக்கியில் மேலே போகும்போது தரை காலை அதிகமாக அழுத்துவதுபோல் இருக்கிறதே, ஐயா, அப்போதும் இரண்டும் சமமா?" என்று கேட்டாள். அது வெறும் உணர்வு என்று சொல்லி அவளை உட்கார வைத்தேன். அவள் மறுபேச்சின்றி உட்கார்ந்தது என்னை இன்னும் வருத்துகிறது, ஏனென்றால் அவள் கேட்டது சரியான கேள்வி.

அன்று மாலையே முள் உள்ள எடை பார்க்கும் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு மின்தூக்கிக்குள் நுழைந்து அதன்மேல் நின்றேன். நின்றிருந்த மின்தூக்கியில் முள் 64 கிலோகிராமைக் காட்டியது. மேல்நோக்கிக் கிளம்பிய கணத்தில் ஏறத்தாழ 70க்குத் தாவி, சீரான வேகம் வந்ததும் 64க்கே திரும்பியது. மேல்தளத்தில் நிற்பதற்கு முன் 58 அளவுக்குச் சரிந்தது. ஐந்தாறு முறை ஏறி இறங்கியும் இதுவே நிகழ்ந்தது. புவி என்னை இழுக்கும் விசை 64ஐ 9.8ஆல் பெருக்கக் கிடைக்கும் ஏறத்தாழ 627 நியூட்டன். அது எந்தத் தளத்திலும் மாறவில்லை. கருவி என்னை மேல்நோக்கித் தள்ளிய விசையோ கிளம்பும்போது 686 நியூட்டன் வரை உயர்ந்தது. மிகுதியான 59 நியூட்டன்தான் எனக்கு வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 0.9 மீட்டர் முடுக்கத்தைத் தந்தது. மூன்றாம் விதி சொல்லும் விசை, எதிர்விசை என்ற இணை எக்கணத்திலும் சமமாக இருந்தாக வேண்டும். இவை இரண்டும் சமமாக இல்லை. எனவே இவை அத்தகைய இணையே அல்ல. நான் ஆறு ஆண்டுகள் கற்பித்தது தவறு என்று அந்த முள் சொல்லிவிட்டது.

மேசைமேல் அசையாதிருக்கும் புத்தகத்தின் எடையும் மேசையின் தாங்குவிசையும் சமமாக இருப்பதற்குக் காரணம் புத்தகத்துக்கு முடுக்கம் இல்லை என்பதே. அதாவது, முடுக்கம் இல்லாத பொருளின்மீது உள்ள விசைகளின் கூட்டல் சுழி என்று காட்டும் நியூட்டனின் முதலிரு விதிகளின் விளைவு அது, மூன்றாம் விதியின் விளைவு அன்று. இரண்டு விசைகளுமே புத்தகத்தின்மீதுதான் செயல்படுகின்றன என்பதையாவது நான் கவனித்திருக்க வேண்டும். எடையின் உண்மையான இணை, புத்தகம் புவியை மேல்நோக்கி இழுக்கும் ஈர்ப்பு விசை. ஒரு கிலோகிராம் புத்தகம் என்றால் புவி அதை 9.8 நியூட்டனால் இழுக்கிறது, அதுவும் புவியை அதே 9.8 நியூட்டனால் இழுக்கிறது. புவியின் நிறை 6க்குப் பின் 24 சுழிகள் இட்டால் வரும் கிலோகிராம் அளவு என்பதால், அந்த விசை புவிக்குத் தரும் முடுக்கத்தை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. மேசையின் தாங்குவிசைக்கு இணை, புத்தகம் மேசையை அழுத்தும் விசை. ஈர்ப்புக்கு ஈர்ப்பே இணை, தொடுவிசைக்குத் தொடுவிசையே இணை.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவியின் பெயரைச் சொல்லி, அவள் கேட்டது சரி, நான் சொன்னது பிழை என்று அறிவித்துவிட்டுப் பாடத்தை மீண்டும் நடத்தினேன். அன்றுமுதல் எந்த விசையையும் "எது எதன்மீது" என்ற இரண்டு சொற்கள் இல்லாமல் கரும்பலகையில் எழுதியதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியவர்கள் சிறியவர்கள் மட்டும் அல்லர். அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டின் ஆய்வைப் பற்றி 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதிய தலையங்கம், தள்ளுவதற்குக் காற்று இல்லாத வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது என்ற எண்ணத்தில் அவரைக் குறை கூறியது. ராக்கெட் தள்ளுவது வெளிக்காற்றை அன்று, தான் உமிழும் வாயுவை. அந்த வாயுதான் ராக்கெட்டைத் தள்ளுகிறது. அப்பல்லோ 11 கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அந்த இதழ் தன் பிழையைத் திருத்தி வெளியிட்டது.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு வேறொரு காரணமும் உண்டு என்று கருதுகிறேன். "வினை, எதிர்வினை" என்று எழுதும் வழக்கத்தைச் சொல்கிறேன். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு, முதலில் ஒன்று நடக்கும், பிறகு அதன் பலன் வந்து சேரும் என்றுதான் பொருள்படும். மேடைகளிலும் இவ்விதியைப் பழிக்குப் பழி என்பதுபோல் மேற்கோள் காட்டுகிறார்கள். இயற்பியலில் இங்கே முன்பின் கிடையாது. இரண்டும் ஒரே கணத்தில் தோன்றி ஒரே கணத்தில் மறைகின்றன. எதை விசை என்றும் எதை எதிர்விசை என்றும் அழைக்கிறோம் என்பது நம் விருப்பம். ஆகவே விசை, எதிர்விசை என்ற சொற்களே மேலானவை.

நகரும் மின்னூட்டங்களுக்கு இடையிலான காந்தவிசையில் இந்த விதி அப்படியே பொருந்துவதில்லையே என்று யாரேனும் சுட்டிக்காட்டக்கூடும். அறிவேன்; அங்கே மின்காந்தப் புலம் சுமக்கும் உந்தத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கேட்டவருக்கு இப்போது தேவைப்படுவது அது அன்று என்பதால் விட்டுவிட்டேன். கற்பித்தவரே இப்படித் தவறை ஒப்புக்கொண்டால் மாணவர்கள் மதிப்பார்களா என்று கேட்போருக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: அதன்பிறகு அந்த வகுப்பில் கேள்விகள் கூடின, குறையவில்லை.

நான் பயன்படுத்திய விடைநூலின் பதிப்பகத்துக்கு இந்தப் பிழையைக் கணக்குடன் விளக்கி இரண்டு முறை கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை, அடுத்த பதிப்பிலும் அதே மேசை, அதே அம்புக்குறி. உங்கள் கையில் உள்ள நூலிலும் புத்தகத்தின் எடைக்கு எதிர்விசை மேசை தருவது என்று இருந்தால், அதை அடித்துவிட்டு, "புத்தகம் புவியை மேல்நோக்கி இழுக்கும் விசை" என்று எழுதிக்கொள்ளுங்கள். தேர்வில் மதிப்பெண் குறையும் என்று அஞ்சினால், இரண்டும் வெவ்வேறு பொருள்களின்மீது செயல்பட வேண்டும் என்ற காரணத்தையும் பக்கத்திலேயே ஒரு வரியில் சேர்த்து எழுதுங்கள்.